தையல் பிரிக்க வராத நோயாளி

தோல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். போரையும் வதையையும் பார்த்தவர்களுக்கு அதற்குப் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் யாரையும் திடுக்கிட வைக்கும் செய்தி இல்லை. எழுபது வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதோ ஒரு வகைத் தோல் புற்று வந்துவிடும் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. 1981-லேயே கார்ட்டூன் கடற்பறவை ஒன்றைத் தொலைக்காட்சியில் ஆடவிட்டு, சட்டை போடவும் களிம்பு பூசவும் தொப்பி வைக்கவும் நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். வெயில் கொளுத்தும் கண்டத்தில் வெள்ளைத் தோல்காரர்கள் குடியேறியதன் விலை அது.

எல்லோருக்கும் வருவதுதானே என்பதாலேயே மருத்துவரும் சுற்றத்தாரும் அதை லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். ஊசி போட்டு மரக்க வைப்போம், வெட்டி எடுப்போம், தைத்து அனுப்பிவிடுவோம் என்பார்கள். வெட்டி எடுப்பது சின்ன வேலைதான். ஆனால் அந்த இடத்தைக் கழுவி, கட்டு மாற்றி, தையல் பிரித்து, பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை சட்டையைக் கழற்றி உடம்பு முழுவதையும் ஒருவர் முன்னால் காட்டி நிற்பது வரை எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. பி.டி.எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் உள்ளவர்கள் தடுக்கி விழுவது இந்த இரண்டாம் பாதியில்.

போர் தந்த இரண்டு நோய்கள்

இதைப் புரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவின் வியட்நாம் போர் வீரர்களைப் பார்க்க வேண்டும். 1962 தொடங்கி ஏறத்தாழ 60,000 ஆஸ்திரேலியர்கள் அந்தப் போருக்குப் போனார்கள். 500-க்கும் மேற்பட்டோர் உயிரோடு திரும்பவில்லை. போனவர்களில் சுமார் 15,000 பேர் தாமாகப் படையில் சேர்ந்தவர்கள்கூட இல்லை. பிறந்த தேதிக்கு எண் போட்ட மரக்கோலிகளைப் பீப்பாயில் உருட்டி எடுத்தார்கள். எந்தத் தேதிக்கு உரிய கோலி வந்ததோ, அந்தத் தேதியில் பிறந்த இருபது வயதுப் பையன் படைக்குப் போக வேண்டும். பூக் டூய் மாகாணத்தின் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்த நூயி டாட் முகாமின் பழைய படங்களில், மேல்சட்டை இல்லாமல் மண்மூட்டை அடுக்கும் அந்தப் பையன்களைப் பார்க்கலாம். களிம்பு பூசச் சொல்லித்தர அப்போது கடற்பறவை பிறந்திருக்கவில்லை.

புற ஊதாக் கதிர் தோல் செல்லின் மரபணுவில் செய்யும் சேதம் புற்றாக வளர முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். அந்தப் பையன்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். படைப்பணியில் பட்ட வெயில் தோல் புற்றுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆஸ்திரேலிய அரசின் படைவீரர் நல விதிகளே ஒப்புக்கொள்கின்றன. போர் தந்த மனநோயையும் ஒப்புக்கொள்கின்றன. இழப்பீட்டு அலுவலகத்தில் ஒரே மனிதரின் ஒரே கோப்பில் இரண்டும் இருக்கக்கூடும். ஆனால் மருத்துவமனையில் ஒன்று தோல் பிரிவில், மற்றது மனநலப் பிரிவில். இந்த இரண்டு பிரிவுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அரிது.

அவர்களாகச் சொல்லலாமே என்று தோன்றும். சொல்ல மாட்டார்கள். அந்தப் போர் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்த போர். திரும்பி வந்தவர்களில் பலர் தாங்கள் போருக்குப் போனதையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்தார்கள். நாடு அவர்களுக்கு முறையான வரவேற்பு ஊர்வலம் நடத்தியதே 1987 அக்டோபரில்தான், சிட்னியில். அத்தனை ஆண்டுகள் வாய் மூடிப் பழகியவர், தோல் மருத்துவமனைப் படிவத்தில் ‘வேறு நோய்கள்’ என்ற கட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை என்று எழுதுவார். இரவில் அலறி எழுவதை எழுத மாட்டார்.

இன்னொரு விஷயமும் உண்டு. வியட்நாம் காடுகளின் இலைகளை உதிர்க்க அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் ரசாயனம் தங்களையும் தாக்கியது என்று வீரர்கள் பல்லாண்டு போராடினார்கள். 1983-ல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம், 1985-ல் அந்த ரசாயனம் குற்றவாளி இல்லை என்று அறிக்கை தந்தது. அந்தத் தீர்ப்பை மனதார ஏற்காதவர்கள் நிறைய. அப்படிப்பட்டவரிடம், மூக்கின் மேல் இருப்பது பேசல் செல் கார்சினோமா, பரவுவது மிக அபூர்வம், பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லலாம். கேட்பவர் மனதில் ஓடுவது வேறாக இருக்கும்: அன்று தப்பித்தேன், இன்று பிடித்துவிட்டது.

பச்சைத் துணிக்கு அடியில்

பி.டி.எஸ்.டி. ஒரு நோயாக அதிகாரபூர்வமாகப் பெயர் பெற்றது 1980-ல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில். அதற்குப் பின்னால் நின்ற பெரிய உந்துதலே வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் நிலைமைதான். நடந்து முடிந்த கொடுமை திரும்பத் திரும்ப இப்போதே நடப்பதுபோல் வருவது இந்நோயின் ஒரு முகம். அதை நினைவூட்டும் எதையும் விட்டு ஓடுவது, எந்நேரமும் உடம்பு விறைத்துக் காவல் காப்பது, எதிலும் நம்பிக்கை அற்றுப்போவது ஆகியவை மற்ற முகங்கள். போருக்குப் போனால்தான் வரும் என்றில்லை. விபத்து, பாலியல் வன்முறை, வீட்டுக்குள் அடிஉதை, சித்திரவதை, பேரிடர் எதுவும் இதைத் தரலாம்.

இப்போது தோல் அறுவை சிகிச்சை அறைக்கு வருவோம். தோல் புற்றுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி நோயாளி விழித்திருக்கும்போதே நடக்கிறது. முகத்தில் வரும் புற்றுக்கு மிக நுட்பமான வழி மோஸ் முறை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் மோஸ் 1930-களில் தொடங்கிவைத்தது. புற்றுள்ள இடத்தை ஒரு மெல்லிய அடுக்காகச் சீவி எடுத்து, உறைய வைத்து, நுண்ணோக்கியில் அதன் விளிம்பு முழுவதையும் பார்ப்பார்கள். எங்கேனும் புற்று மிச்சமிருந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு. முதல் முறையாக வரும் பேசல் செல் புற்றில் இந்த முறையின் குணமாகும் விகிதம் 99 சதவிகிதத்தைத் தொடுகிறது. அறுவை மருத்துவத்தில் இதைவிட நல்ல எண்கள் குறைவு.

ஆனால் நோயாளியின் பக்கத்திலிருந்து அதே காலையைப் பாருங்கள். மல்லாந்து படுக்க வேண்டும். கதவு கண்ணில் படாது. முகத்தைப் பச்சைத் துணி மூடும். கண்ணுக்கு மேலே விளக்கு கூசும். கைகளைப் பக்கவாட்டில் வைத்து அசையாமல் இருக்கச் சொல்வார்கள். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று தெரியாது. ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் கருவி வேலை செய்யும்போது சதை கருகும் வாசம் வரும். அது அவருடைய சொந்தச் சதை. மற்றவர்கள் இதை முகம் சுளித்துக் கடந்துவிடுவார்கள். எரிந்த உடல்களின் நெடியை முகர்ந்து வந்தவருக்கு அந்த வாசம் ஐம்பது ஆண்டைத் தாண்ட ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாது.

மருத்துவர்களே சில சமயம் கவனிக்கத் தவறும் ஒன்று ஊசிக்குள் இருக்கிறது. மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்னோடு கொஞ்சம் அட்ரினலின் சேர்ப்பது வழக்கம். ரத்தம் குறைவாகக் கசியும், மரப்பும் நீண்ட நேரம் நிற்கும் என்பதற்காக. சிலருக்கு அது சில நிமிடங்கள் நெஞ்சைப் படபடக்க வைக்கும், கை நடுங்கும். பி.டி.எஸ்.டி. உள்ளவருக்கு அந்தப் படபடப்பு நன்றாகப் பழக்கமானது. அபாயம் வருமுன் அவர் உடம்பு அடிக்கும் மணி அது. காரணம் தெரியாவிட்டால் மூளை தானே ஒரு காரணத்தைத் தேடிப் பிடிக்கும். ‘இந்த மருந்தால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், தானே நின்றுவிடும்’ என்று ஊசிக்கு முன்னால் ஒரு வரி சொல்லிவிட்டால் பாதி பயம் அங்கேயே அடங்கும்.

அடுக்குகளுக்கு நடுவில் காத்திருப்பும் உண்டு. மூக்கில் கட்டோடு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார்ந்திருந்து, மறுபடி உள்ளே போக வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் வரும் இடம் இது.

ஆபத்தான தோல் புற்றான மெலனோமா என்றால் சில நேரம் நிணநீர்க் கணுவையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முழு மயக்கம் தருவார்கள். மயக்கம் தெளியும் தருணத்தில் போர் வீரர்கள் சிலர் திமிறுவதும் கை ஓங்குவதும் குழாய்களைப் பிடுங்குவதும் அமெரிக்க ராணுவ மருத்துவமனைச் செவிலியர்கள் நன்கறிந்தது. அவர்களிடம் ஒரு நடைமுறை உண்டு: தோளைத் தொட்டு எழுப்பாதே, கால் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடு. அனுபவத்தில் கற்ற இந்தப் பாடம் வேறு மருத்துவமனைகளுக்கு இன்னும் போய்ச் சேராதது வருத்தம்தான்.

காயம் ஆறும் கணக்கு

மன அழுத்தம் காயத்தை மெல்ல ஆறவிடும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. 1995-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்கள், அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் தோலைத் துளைத்து எடுத்தார்கள். தோல் புற்றா என்று பார்க்க மருத்துவர்கள் சாம்பிள் எடுக்கும் அதே கருவி, அதே காயம். மற்றவர்களுக்கு ஆற சராசரியாக 39 நாள் பிடித்தது. பராமரிக்கும் பெண்களுக்கு 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. அழுத்தம் கூடும்போது உடலில் கார்டிசால் ஏறும். காயத்துக்கு முதலில் ஓடிவர வேண்டிய எதிர்ப்புச் செல்களின் சமிக்ஞைகளை அது அமுக்கும்.

இந்த ஆய்வை வைத்து, பி.டி.எஸ்.டி. என்றால் கார்டிசால் அதிகம், அதனால் காயம் ஆறாது என்று எழுதிவிடுவது எளிது. அது சரியில்லை. பி.டி.எஸ்.டி. உள்ளவர்கள் பலரிடம் கார்டிசால் வழக்கத்தைவிடக் குறைவாகவே இருப்பதை ரேச்சல் யெஹுடா போன்றவர்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர்களிடம் ஓயாமல் ஏறி நிற்பது நார்அட்ரினலின் பக்கம். ரசாயனக் கணக்கு அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. என்னைக் கேட்டால், காயம் ஆறத் தாமதமாவதற்கான காரணத்தை ரத்தப் பரிசோதனையில் தேடுவதற்கு முன் நோயாளியின் இரவுகளில் தேட வேண்டும்.

கெட்ட கனவில் புரள்பவர் தூக்கத்திலேயே கட்டைப் பிய்த்துவிடுவார், தையலை இழுத்துவிடுவார். தூக்கத்துக்குப் பயந்து குடிப்பவருக்குக் காயத்தில் ரத்தக் கசிவு கூடும். பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடம் புகைப் பழக்கம் மற்றவர்களைவிட அதிகம். நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். பக்கத்துத் தோலைத் திருப்பிப் பொருத்தித் தைத்த இடத்துக்கு வேறு எதையும்விட ரத்தம்தான் தேவை. அது கிடைக்காவிட்டால் தோல் கறுத்து அழுகிவிடும். வலியும் கூடுதலாகத் தெரியும்.

மூக்கில் பெரிய பகுதியை எடுக்க நேர்ந்தால் நெற்றித் தோலை இறக்கி மூக்கை உருவாக்குகிறார்கள். நெற்றியிலிருந்து மூக்குக்குத் தொங்கும் தோல் பாலத்தை ஏறத்தாழ மூன்று வாரம் முகத்தில் சுமக்க வேண்டும். உலகம் இந்த உத்தியைக் கற்றுக்கொண்டது நம் மண்ணிலிருந்து. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, திப்பு சுல்தானிடம் கைதியாகி மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டவர். அவருக்குப் பூனாவில் நெற்றித் தோலால் மூக்கு வைத்த செய்தி 1794-ல் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகஸினில் படத்தோடு வந்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பார்த்துத்தான் செய்யத் தொடங்கினார்கள். ஆக, இந்தச் சிகிச்சையின் புகழ்பெற்ற முதல் நோயாளியே ஒரு போர்க் கைதி. மூக்கைப் பற்றி அத்தனை எழுதியவர்கள், அந்த மனிதர் அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாரா என்று எழுதவில்லை. இருநூறு ஆண்டு கழித்தும் அறுவை மருத்துவக் குறிப்பேட்டில் அந்தக் கேள்விக்கு இடம் கிடைக்கவில்லை.

வராமல் போகிறவர்கள்

இந்த நோயின் எல்லாக் குணங்களிலும் புற்றுநோய்க்கு மிகவும் தோதாக அமைந்தது தவிர்ப்பு. கண்ணாடி பார்க்காமல் இருப்பது, கட்டை அவிழ்க்காமல் விடுவது, தையல் பிரிக்கும் தேதியில் போனை எடுக்காமல் இருப்பது, அடுத்த பரிசோதனையை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பது. மருத்துவமனைப் பதிவேட்டில் இவர் ‘ஒத்துழைக்காத நோயாளி’. பேசல் செல் புற்றில் இந்தத் தாமதம் இன்னொரு வடுவோடு போகலாம். மெலனோமாவில் உயிரையே பறிக்கலாம். தொடக்கத்திலேயே பிடித்தால் மெலனோமா பெரும்பாலும் குணமாகிறது. உள்ளுறுப்புக்குப் போய்விட்டால் கதை வேறு. ஒரு முறை வந்தவருக்கு மறுபடி புதிதாக வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால் தொடர் பரிசோதனையை விட்டுவிட முடியாது.

சிலர் இதற்கு நேர் எதிர்த் திசையில் போவார்கள். ஒவ்வொரு மச்சத்தையும் தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், வாரம் ஒரு தடவை மருத்துவரை அழைப்பார்கள். இரண்டும் ஒரே பயத்தின் இரண்டு கைகள்.

புற்றுநோயே புதிதாக பி.டி.எஸ்.டி. தருமா என்ற கேள்வியில் நிபுணர்கள் தடுமாறியிருக்கிறார்கள். உயிரைப் பறிக்கும் நோய் வந்திருப்பதாக அறிவதும் அதிர்ச்சி நிகழ்வே என்று 1994-ல் வந்த அமெரிக்கக் கையேடு ஏற்றது. 2013-ல் வந்த பதிப்பு அதைச் சுருக்கி, திடீரென நேரும் பயங்கரமான மருத்துவ நிகழ்வுகளை மட்டும் வைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சைக்கு நடுவில் விழித்துக்கொள்வது அதற்கு ஓர் உதாரணம். புற்று திரும்பி வருமோ என்ற அச்சம் வேறு, கடந்துபோன கொடுமை திரும்ப வாழப்படுவது வேறு. பிரித்துப் பார்ப்பது சரியே. ஆனால் பழைய கொடுமை ஏற்கெனவே உள்ள ஒருவரிடம் இந்த இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். எந்தப் பெயரை எழுதுவது என்று கையேடு முடிவு செய்யும்வரை அவர் காத்திருக்க முடியாது.

பெரிய செலவில்லாத வழிகள் இருக்கின்றன. மெலனோமா மறுபடி வரும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு ஒரு கையேடும், உளவியலாளருடன் மூன்று தொலைபேசி உரையாடலும் கொடுத்துப் பார்த்தார்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள். 2016-ல் வெளியான முடிவில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் அச்சம் குறைந்திருந்தது. போர் வீரர்கள் கேட்டு வாங்கி 1982-ல் தொடங்கப்பட்ட மனநல ஆலோசனைச் சேவை, இன்று ஓப்பன் ஆர்ம்ஸ் என்ற பெயரில் படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இலவசமாக இயங்குகிறது. பி.டி.எஸ்.டி.க்கே நல்ல சிகிச்சை உண்டு: அஞ்சி ஓடிய நினைவைப் பாதுகாப்பான இடத்தில் துணையோடு சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைக்கும் உளவியல் முறைகள். அறுவைக்கு முந்திய நாள் தொடங்கும் வேலை இல்லை அது. அவசரமில்லாத புற்றாக இருந்து, மருத்துவரும் சம்மதித்தால், சில வாரம் முன்னதாகவே அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். தூக்க மாத்திரை வகையான பென்சோடயாசிபின்களை பி.டி.எஸ்.டி.க்கு நாள்பட்ட மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்கின்றன அமெரிக்கப் படைவீரர் மருத்துவ வழிகாட்டிகள். அறுவை அன்று ஒரு வேளை கொடுப்பதையும் அதையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தமிழர்களுக்கு இதில் என்ன

கருத்த தோலுக்கு மெலனின் பெரிய காவல். அதனால் நம்மிடம் தோல் புற்று குறைவு. வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில் மெலனோமா வரும். யாரும் பார்க்காததால் முற்றிய பிறகே தெரியும். பாப் மார்லி 1981-ல் இறந்தது கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால். செருப்பில்லாமல் நடக்கும் ஊரில், காலில் ஆறாமல் கிடக்கும் கறுத்த புண்ணைக் ‘கல் குத்தியது’ என்று விட்டுவிடாதீர்கள்.

மனவடு விஷயத்தில் நமக்கு எந்த மெலனினும் காவல் இல்லை. ஆஸ்திரேலியாவில் வாழும் ஈழத் தமிழர்களில் சித்திரவதையிலிருந்து மீண்டு வந்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் நம் மக்கள் மனதில் விட்டுப்போனதைப் பற்றி ‘மனவடு’ என்று தமிழிலேயே நூல் எழுதியவர், அடிலெய்டிலும் பணிபுரிந்தவர். மின்சாரத்தால் வதைபட்டவரின் மார்பில் இ.சி.ஜி. வயர் ஒட்டும்போது, தொடையில் சுடும் கருவிக்கான தகட்டைப் பதிக்கும்போது, என்ன ஆகும் என்று யோசியுங்கள். தோல் புற்றுதான் வேண்டுமென்பதில்லை. ஒரு கட்டியை அகற்ற, ஒரு பல்லைப் பிடுங்கப் போனாலும் இதே கதைதான். சென்னையிலும் மதுரையிலும் மேசைமேல் படுப்பவர்களில் விபத்தில் மீண்டவர்களும், சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும், வீட்டில் அடிவாங்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

எந்த அறுவைக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: ‘முன்பு நடந்த ஏதாவது ஒன்றால் இங்கே படுப்பதோ, முகம் மூடுவதோ, தொடுவதோ உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமா?’ என்ன நடந்தது என்று துருவ வேண்டாம். ஆமாம் என்றால் காலை முதல் ஆளாக எடுத்துக்கொள்ளலாம், துணையை உள்ளே விடலாம், துணியை முகத்திலிருந்து கொஞ்சம் தூக்கிக் கட்டலாம், கை உயர்த்தினால் நிறுத்துவோம் என்று வாக்குக் கொடுக்கலாம், சொல்லிவிட்டே தொடலாம். கட்டு மாற்றுவதை அவர் கையாலேயே செய்யக் கற்றுத்தரலாம். தையல் பிரிக்க வராவிட்டால் அபராதக் கடிதத்துக்குப் பதில் ஒரு போன் போதும். இதற்கு இயந்திரம் வாங்க வேண்டாம், தனிப் பிரிவு திறக்க வேண்டாம். கேட்காமலிருப்பதற்குச் சொல்லும்படியான காரணம் எதுவும் இல்லை.

நீங்களே அப்படி ஒருவர் என்றால், காரணத்தை விளக்காமலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பதற்றத்துக்கு ப்ராப்ரனலால் மாத்திரை எடுத்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசியில் சேரும் அட்ரினலினோடு சேர்ந்து அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். மனநல மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கெட்ட கனவும் படபடப்பும் ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம்; இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.